கேட்வேயைச் சொருகுவதற்கு முன், எந்தப் பெட்டி கேட்வே என்று முடிவு செய்யுங்கள்

நீங்கள் கேட்டதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். இணையச் சேவை நிறுவனம் ஃபைபரை இழுத்து ஒரு வைஃபை பெட்டியையும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறது. அதன் சிக்னல் எல்லா அறைக்கும் எட்டவில்லை என்று தனியாக ஒரு நல்ல கேட்வே (வீட்டு நெட்வொர்க்கை இணையத்தோடு இணைக்கும் பெட்டி) வாங்கி, பழைய பெட்டியிலிருந்து ஒரு கேபிளை எடுத்துப் புதியதில் சொருகியிருக்கிறீர்கள். வைஃபை பெயர் தெரிகிறது, போன் சேர்ந்தும் விடுகிறது, ஆனால் இணையம் வருவதும் போவதுமாக இருக்கிறது. புதுப் பெட்டியின் செட்டிங் பக்கத்தைத் திறந்தால் சில சமயம் பழைய பெட்டியின் பக்கம் வந்து நிற்கிறது. கேமராவை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. பெட்டி பழுதா, மாற்றிக் கேட்கலாமா என்பது கேள்வி.

மாற்ற வேண்டாம், அதில் கோளாறு இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை. ஒரு பெட்டியைக் கேட்டால் இன்னொன்று வந்து நிற்கிறது என்றீர்களே, அதுதான் துப்பு. இரண்டு பெட்டியும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 192.168.1.1 என்ற முகவரியோடு வந்திருக்கின்றன. நீங்கள் கேபிளைப் புதியதன் வான் போர்ட்டில் (இணையம் உள்ளே வரும் துளை) சொருகாமல் லேன் போர்ட் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) ஒன்றில் சொருகியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் இரண்டும் ஒரே நெட்வொர்க்குக்குள் வந்துவிடும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண்ணை எழுதியது போலத்தான். போன் ‘192.168.1.1 யார்?’ என்று கூவும், எந்தப் பெட்டியின் பதில் அதன் காதில் விழுகிறதோ அதையே கேட்வே என்று நம்பி எல்லாவற்றையும் அதற்கு அனுப்பும். பழையது மாட்டினால் இணையம் கிடைக்கும். புதியது மாட்டினால், அதன் வான் பக்கத்தில் ஒன்றுமே சொருகியிருக்காததால், வைஃபை கோடுகள் முழுசாகக் காட்டும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. கொஞ்ச நேரத்தில் போனின் அந்த நினைவு காலாவதியாகும், மறுபடி கேட்கும், மறுபடி குலுக்கல். போதாததற்கு இரண்டிலும் டிஎச்சிபி ஓடுகிறது, அதாவது வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்க இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள், ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது, ஒரே எண் இரண்டு கருவிக்குப் போய்விட வாய்ப்பிருக்கிறது.

ஆகவே கேபிளைத் தொடுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் நெட்வொர்க்கில் கேட்வே எது? கடையில் ரவுட்டர், மோடம், கேட்வே என்று என்ன பெயரில் விற்றாலும் அந்தப் பெட்டிக்குள் பல வேலைகள் சேர்ந்து இருக்கின்றன. ஃபைபர் ஒளியை ஈதர்நெட்டாக மாற்றுவது ஒரு வேலை, அதைச் செய்யும் பகுதியை ஓஎன்டி என்பார்கள். உள் நெட்வொர்க்குக்கும் வெளி நெட்வொர்க்குக்கும் நடுவே நின்று, உள்ளேயிருக்கும் இருபது கருவிகளையும் வெளியே ஒரே முகவரியாகக் காட்டுவது இன்னொரு வேலை, இதற்குப் பெயர் நேட். முகவரி கொடுக்கும் டிஎச்சிபி, வெளியிலிருந்து அழைக்காமல் வருவதைத் தடுக்கும் ஃபயர்வால், கேபிள்களைச் சேர்க்கும் ஸ்விட்ச், வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் என்று மற்ற வேலைகளும் அதே பெட்டிக்குள் குடியிருக்கின்றன. இதில் ஸ்விட்ச்சும் ஆக்சஸ் பாயிண்ட்டும் எத்தனை இருந்தாலும் சிக்கல் இல்லை. நேட்டும் டிஎச்சிபியும் மட்டும் ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இப்போது இரண்டு இடத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு மூன்று வழி உண்டு.

நான் முதலில் பரிந்துரைப்பது, பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றுவது. அப்போது அது ஒளியை ஈதர்நெட்டாக மாற்றும் வேலையை மட்டும் செய்யும், வைஃபை, நேட், டிஎச்சிபி எல்லாவற்றையும் விட்டுவிடும். கேட்வே வேலை முழுவதும் உங்கள் புதுப் பெட்டிக்கு வரும். நல்ல பெட்டி வாங்கியதன் பலன் இதில்தான் முழுசாகக் கிடைக்கும். ஆனால் பல நிறுவனங்கள் பிரிட்ஜ் மோடை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பூட்டி வைத்திருப்பார்கள், அழைத்துக் கேட்டால் அவர்கள் பக்கத்திலிருந்தே மாற்றிக் கொடுப்பதுண்டு. அழைக்கும்போது ‘நெட் வரவில்லை’ என்று ஆரம்பித்தால் பெட்டியை அணைத்துப் போடச் சொல்லி அரை மணி நேரம் போய்விடும். ‘என் சொந்த ரவுட்டரைப் போடப் போகிறேன், ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்ற வேண்டும், பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் விலான் எண்ணும் வேண்டும்’ என்று நேரடியாகச் சொல்லுங்கள். பிபிபிஓஇ என்பது பயனர்பெயர் கொடுத்து நிறுவனத்தோடு இணையும் முறை, விலான் எண் என்பது நிறுவனம் இணையப் போக்குவரத்தைத் தனியாகப் பிரித்துக் காட்ட வைக்கும் எண். அந்தப் பெட்டி வழியாகவே வீட்டுத் தொலைபேசியோ டிவியோ வருகிறது என்றால், பிரிட்ஜ் மோடில் அவை வேலை செய்யுமா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் அதற்கு ஒரு நாள் போகும்.

இரண்டாவது வழி இதற்கு நேரெதிர். பழையதே கேட்வேயாக இருக்கட்டும், புதியதை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போடுங்கள். நல்ல பெட்டியை இப்படி வீணாக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்குத் தேவை எல்லா அறையிலும் வைஃபை மட்டும்தான் என்றால் இதில் வீண் ஒன்றும் இல்லை, பத்து நிமிட வேலை, நிறுவனத்தை அழைக்கக்கூட வேண்டாம். பெரும்பாலான புதுப் பெட்டிகளில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கும். இல்லாவிட்டால் கையால் செய்யலாம்: புதியதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அது பழைய பெட்டி பங்கிடும் முகவரி வரிசைக்குள் வராதபடி பார்த்துக்கொண்டு, புதியதன் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை லேன் போர்ட்டிலேயே சொருகுங்கள். அதாவது நீங்கள் இப்போது சொருகியிருக்கும் இடம் இந்த வழிக்குச் சரியான இடம்தான், முகவரியும் டிஎச்சிபியும்தான் பாக்கி.

மூன்றாவது, இரண்டையும் கேட்வேயாகவே விட்டுவிடுவது. கேபிளைப் புதியதன் வான் போர்ட்டில் சொருகி, இரண்டுக்கும் வேறு வேறு முகவரி வரிசை கொடுத்தால் இரட்டை நேட் என்ற நிலை வரும். இதைக் கேட்டாலே சிலர் பதறுவார்கள், அவ்வளவு பதற வேண்டியதில்லை. வீடியோ பார்ப்பது, மீட்டிங், மெயில் எல்லாம் நடக்கும். இடிப்பது வெளியிலிருந்து உள்ளே வர வேண்டியவைதான்: போர்ட் ஃபார்வர்டிங்கை, அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவதை, இரண்டு பெட்டியிலும் செய்ய வேண்டும், நேரடியாகப் பேசிக்கொள்ளும் சில விளையாட்டுகள் முரண்டு பிடிக்கும், பழைய பெட்டியின் வைஃபையில் இருக்கும் போனால் புதியதன் பின்னால் இருக்கும் பிரிண்டரைப் பார்க்க முடியாது. நிறுவனம் பிரிட்ஜ் மோட் தரவே மாட்டேன் என்றால் இதைச் செய்யுங்கள், பழைய பெட்டியில், வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்கு அனுப்பும் டிஎம்இசட் என்ற இடத்தில் புதியதன் வான் முகவரியைக் கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். பழையதன் வைஃபையை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

கேமராவையும் கேட்டிருப்பதால் நீங்கள் முதல் வழியில் போகிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் பழைய பெட்டியின் செட்டிங் பக்கத்தில் நுழைந்து, இணைப்பு வகை, பயனர்பெயர், விலான் எண், இருந்தால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்), எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பழைய பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவு ஒரு துளை இருக்கும், ரீசெட் என்று எழுதியிருக்கும், அதைத் தொடவே கூடாது. அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அதைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் நிறுவனம் போட்டு வைத்த விவரங்கள் அழிந்து, அவர்கள் ஆள் வரும்வரை இணையமே இல்லாமல் போகக்கூடும்.

பெட்டியை இடம் மாற்றுவதாக இருந்தால் ஃபைபரில் கவனம் வேண்டும். அந்த மெல்லிய வயருக்குள் இருப்பது கண்ணாடி இழை, அதைச் செப்புக் கம்பி மாதிரி மடக்கிக் கட்டக்கூடாது. விரல் மேல் சுற்றுகிற அளவுக்குச் சிறிய வளையமாகப் போட்டால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். இரண்டு அங்குலத்துக்குக் குறையாத விட்டமுள்ள தளர்வான வளையமாகச் சுற்றி வையுங்கள், அதன்மேல் டேப் போட்டு இறுக்க வேண்டாம். முனையில் பச்சை நிற கனெக்டர் இருந்தால் அது சாய்வாகத் தீட்டப்பட்ட வகை, நீல நிறம் நேராகத் தீட்டியது, ஒன்றுக்கு மற்றொன்றைச் சொருகக்கூடாது. சொருகினால் உள்ளே போகும், போவதால்தான் ஏமாற்றும், சிக்னல் மட்டும் படுத்துவிடும். கழற்றும்போது கனெக்டரைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். முனையை விரலால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், உள்ளே எட்டியும் பார்க்காதீர்கள். ஜிபான் என்ற வகை ஃபைபர் இணைப்பில் உள்ளே வரும் ஒளி 1490 நானோமீட்டர், வெளியே போவது 1310, இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. ஒன்றும் தெரியவில்லை என்பதால் அணைந்திருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

பெட்டியின் முகப்பில் பான் என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் ஒளிப் பக்கம் சரி. லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஃபைபரில்தான் கோளாறு, உங்கள் புதுப் பெட்டியில் எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. செட்டிங் பக்கத்தில் பெறப்படும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாக இருக்கும். ஜிபானில் பெரும்பாலும் மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவே இருக்க வேண்டும். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால் இன்று ஓடும், நாளை யாராவது வயரை நகர்த்தினால் நிற்கும், அப்போதே நிறுவனத்திடம் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து கேபிள். இரண்டு பெட்டிக்கும் நடுவே போகும் அந்த ஒன்றரை அடித் துண்டை யாரும் சந்தேகப்படுவதில்லை, நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டு கம்பிகள், நான்கு ஜோடிகள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், ஒரு கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி உள்ளே அறுந்திருந்தாலும் பல நேரங்களில் இணைப்பு நின்றுபோகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நீங்கள் 300 மெகாபிட் திட்டம் வைத்திருப்பீர்கள், சோதித்தால் எப்போதும் 94 பக்கமே காட்டும், வைஃபையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எண் 90 முதல் 95-க்குள் போய் அசையாமல் நின்றால் எங்கோ ஒரு இணைப்பு 100 மெகாபிட்டில் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேட்வேயின் நிலைப் பக்கத்தில் ஒவ்வொரு போர்ட்டும் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று காட்டும், அங்கே 1000 என்று இருக்கிறதா பாருங்கள். 100 என்றிருந்தால் கேபிளை மாற்றுங்கள், கேட் 5இ அல்லது கேட் 6 என்று மேலுறையில் அச்சிட்டிருந்தால் போதும், அதற்கு மேல் வீட்டுக்குத் தேவையில்லை. சுவர் வழியாக நீங்களே இழுத்து முனை அடிக்கப் போகிறீர்கள் என்றால், கிளிப் மறுபக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. நடுவில் பச்சை ஜோடி பிரிந்து நீலத்தின் இரண்டு பக்கமும் உட்காருவதைக் கவனியுங்கள், ஜோடி ஜோடியாக நேராக அடுக்கிவிடுகிறவர்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

மின்சார அடாப்டர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் கறுப்பாக இருக்கும், முனையும் ஒன்று போலவே சொருகும். இரண்டிலும் 12 வோல்ட் என்றே இருக்கலாம், ஆனால் ஒன்று 1 ஆம்பியர், மற்றது 2 ஆம்பியர். சிறியதைப் பெரிய பெட்டிக்குப் போட்டால் பெட்டி எழும், வைஃபையும் கொடுக்கும், நாலு பேர் சேர்ந்து பயன்படுத்தத் தொடங்கியதும் தானாக அணைந்து எழும். வோல்ட் வேறாக இருந்தால் பெட்டியே போய்விடலாம். மாட்டும்போதே அடாப்டரில் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

சரி, இப்போது இணைப்பது. இரண்டையும் அணையுங்கள். முன்பு நீங்கள் போட்ட கேபிளை எடுத்துவிட்டு, பழைய பெட்டியின் முதல் லேன் போர்ட்டிலிருந்து புதியதன் வான் போர்ட்டுக்கு ஒரே ஒரு கேபிள் போடுங்கள். பிரிட்ஜ் மோடில் சில பெட்டிகள் குறிப்பிட்ட ஒரு போர்ட்டில் மட்டுமே இணைப்பைக் கொடுக்கும், எது என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். வான் போர்ட் மற்றவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளியோ வேறு நிறத்திலோ இருக்கும், உலக உருண்டை படம் போட்டிருக்கும். இரண்டு கேபிள் போட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு பெட்டியின் லேன் பக்கங்களுக்கு நடுவே இரண்டு கேபிள் போனால் போக்குவரத்து வட்டமடித்து மொத்த நெட்வொர்க்கும் ஸ்தம்பிக்கும். முதலில் பழைய பெட்டியை மட்டும் ஆன் செய்து, பான் விளக்கு அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள், இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அப்புறம் புதியதை ஆன் செய்யுங்கள்.

செட்டிங்குக்கு முடிந்தால் லேப்டாப்பைக் கேபிளில் புதியதன் லேன் போர்ட்டோடு இணையுங்கள். போனில்தான் செய்ய முடியும் என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இந்த வைஃபையில் இன்னும் இணையம் இல்லை என்று போன் கண்டுபிடித்ததும் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நீங்கள் முகவரியைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள், பக்கம் திறக்கவே திறக்காது. முகவரியும் முதல் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். உலாவி ‘இது பாதுகாப்பற்ற பக்கம்’ என்று எச்சரித்தால், வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு அது வழக்கம்தான், மேலே போங்கள்.

வான் இணைப்பு வகை என்று கேட்கும். நிறுவனம் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருந்தால் பிபிபிஓஇ, கொடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஎச்சிபி, நிலையான முகவரி வாங்கியிருந்தால் ஸ்டாட்டிக். விலான் எண் சொல்லியிருந்தால் அதற்கென்று உள்ள கட்டத்தில் போடுங்கள், ஐபிடிவி என்ற தலைப்பின் கீழே ஒளிந்திருப்பதும் உண்டு. பிபிபிஓஇ என்றால் எம்டியு (ஒரே பொட்டலமாக அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு) 1492, ஏனென்றால் 1500 பைட்டில் 8 பைட்டை அதன் தலைப்புத் தகவல் எடுத்துக்கொள்ளும். பெட்டிகள் இதைத் தாமாகவே போட்டுக்கொள்ளும்தான், ஆனால் சில தளங்கள் உடனே திறந்து சில தளங்கள் பாதியில் தொங்கினால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

எல்லாம் சரியாகப் போட்டும் இணைப்பு வரவில்லை என்றால் மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பிலேயே கொடுக்கப்படும் அடையாள எண், ஒரு காரணமாக இருக்கலாம். சில நிறுவனங்கள் முதலில் இணைந்த கருவியின் மேக் முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு வேறு கருவிக்கு இணைப்புத் தராது. பழைய பெட்டியைப் பத்து நிமிடம் அணைத்து வைத்தால் சில இடங்களில் அந்த நினைவு போய்விடும். போகவில்லை என்றால் கேட்வேயில் மேக் குளோன் என்ற வசதியில் பழைய முகவரியைப் போடலாம், அல்லது நிறுவனத்திடம் சொல்லிப் புதியதைப் பதிவு செய்யச் சொல்லலாம். இரண்டாவதே நல்லது.

இணைப்பு வந்ததும் நிலைப் பக்கத்தில் வான் முகவரி என்ன என்று பாருங்கள். இந்த ஒரு எண் நிறையச் சொல்லும். 0.0.0.0 என்றால் வெளியிலிருந்து ஒன்றுமே கிடைக்கவில்லை. 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையோ தொடங்கினால் அது தனியார் முகவரி. பெரும்பாலும் பழைய பெட்டி இன்னும் கேட்வேயாகவே இருக்கிறது, பிரிட்ஜ் மோட் அமலாகவில்லை. சில நிறுவனங்கள் தாங்களே வாடிக்கையாளருக்கு 10-ல் தொடங்கும் முகவரி கொடுப்பதும் உண்டு, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 100.64 முதல் 100.127 வரை இருந்தால் நிறுவனமே தன் பக்கத்தில் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. இந்த வரிசையை 2012-ல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். வேறு எண் என்றால், ‘என் ஐபி முகவரி என்ன’ என்று தேடினால் கிடைக்கும் தளம் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் பெட்டி நேராக இணையத்தில் நிற்கிறது.

லேன் பக்கத்தில் புதியதன் முகவரியை 192.168.1.1 என்று விடாமல் 192.168.50.1 போல வழக்கமில்லாத ஒன்றாக மாற்றுங்கள். பழைய பெட்டியின் செட்டிங் பக்கம் பெரும்பாலும் 192.168.1.1-ல்தான் இருக்கும், மோதல் வேண்டாம். அதோடு, அலுவலக விபிஎன்னில் (இணையத்தின் வழியாகப் போடும் பாதுகாப்பான தனிப் பாதை) சேரும்போது அங்கேயும் அதே வரிசை இருந்தால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று லேப்டாப் குழம்பும், அந்தத் தொல்லையும் இதில் தீரும். டிஎச்சிபிக்கு 100 முதல் 199 வரை விட்டுவிட்டு, பிரிண்டர், கேமரா மாதிரி இடம் மாறாதவற்றுக்கு அதற்குக் கீழே உள்ள எண்களை ஒதுக்கி வையுங்கள். கருவியில் போய் எண்ணை அடிக்காதீர்கள், கேட்வேயிலேயே அந்தக் கருவியின் மேக்குக்கு எண்ணை ஒதுக்கினால் பிறகு மாற்றுவது சுலபம்.

வைஃபைக்குப் பழைய பெட்டியில் இருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே புதியதில் போட்டால் டிவி, பிரிண்டர், போன் எல்லாம் ஒன்றும் தெரியாதது போல வந்து சேர்ந்துகொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸைத் தானியங்கியில் விடலாம். பாதுகாப்பு டபிள்யூபிஏ2-வும் 3-ம் கலந்த முறை. பழைய பிரிண்டர் சேர மறுத்தால் 2.4-ல் மட்டும் டபிள்யூபிஏ2 வையுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் பட்டனாலோ பின் எண்ணாலோ கருவியைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க பின் எண்ணைப் பெட்டி இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்த விஷயம்.

நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது, பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைப்பது, மூன்றையும் முதல் நாளே செய்துவிடுங்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது தொழிற்சாலைக் கடவுச்சொல் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டுதான். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை (பழையது ஐபிவி4) இருந்தால் இன்னொன்றும் உண்டு. அதில் வழக்கமாக நேட் கிடையாது, ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைக்கும், ஆகவே ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். ஐபிவி4 பக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

பிறகு எப்போதாவது நின்றால் உள்ளேயிருந்து வெளியே ஒவ்வொரு படியாகச் சோதியுங்கள். லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி கிடைக்கவில்லை, கேபிளையோ வைஃபையையோ பாருங்கள். கேட்வேயின் 192.168.50.1-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போய், வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்குப் போகவில்லை என்றால் கோளாறு வான் பக்கம். அதற்கும் போய், தளத்தின் பெயரை அடித்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ். இந்த மூன்றைப் பார்த்துவிட்டு நிறுவனத்தை அழைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கடைசியாகக் கேமரா. வான் முகவரி பொது முகவரியாக இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் செய்து வெளியிலிருந்து பார்க்க முடியும், ஆனால் நான் செய்யச் சொல்ல மாட்டேன். திறந்த போர்ட்டைத் தேடி அலைகிற நிரல்கள் இணையத்தில் ஓயாமல் ஓடுகின்றன, கேமராக்களின் ஃபர்ம்வேர் வருடக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். உங்கள் கேட்வேயில் வயர்கார்ட் போன்ற விபிஎன் வசதி இருந்தால் அதை ஆன் செய்து, போனில் அதன் செயலியைப் போட்டு, வெளியே இருக்கும்போது அதில் சேர்ந்து கேமராவின் உள் முகவரியையே திறங்கள். வான் முகவரி 100.64 வரிசையில் இருந்தால் இந்த இரண்டுமே ஐபிவி4-ல் நேராக நடக்காது. நிறுவனத்திடம் பொது முகவரி கேளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். தரமாட்டார்கள் என்றால் ஐபிவி6 வழியாக அதே விபிஎன்னை முயலலாம், அல்லது கேமரா தானே வெளியே போய்த் தன் நிறுவனத்தின் சர்வரோடு பேசும் செயலி முறையை வைத்துக்கொள்ளலாம். அந்த முறையில் போவதானால் கேமராவை கெஸ்ட் நெட்வொர்க்கில் தனியாகப் போட்டுவிடுங்கள், மற்ற கருவிகளோடு அது பேச வேண்டிய அவசியம் இல்லை.